சாப்பாடு ஏற்றும், ஓட்டம் இறக்கும் என்பது பாதி உண்மை: குளுக்கோமீட்டர் எண்ணைப் படிக்கப் பழகுவது எப்படி

ஒரு சனிக்கிழமை காலை. ஷட்டில் ஆடக் கிளம்பும் முன் விரலில் குத்திப் பார்த்தேன்: 118. வெறும் வயிறு. அப்புறம் ஒரு மணி நேரம் சிங்கிள்ஸ், மூச்சு வாங்க வாங்க ஓடிய ஆட்டம். நடுவில் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன். முடிந்த கையோடு மறுபடி பார்த்தால் 187. மீட்டரில் ஏதோ கோளாறு என்று இன்னொரு ஸ்ட்ரிப் போட்டேன். 191.

ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்திருக்கிறது, சுகர் மட்டும் எழுபது ஏறியிருக்கிறது. பயந்துவிட்டேன். காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டேன், நான்கு இட்லியை இரண்டாக்கினேன், மதியம் சோற்றைப் பாதியாக்கினேன், மாலையில் இன்னும் நாற்பது நிமிடம் நடந்தேன். இரவு 2 மணிக்குத் தலையணை நனைய வியர்த்து விழித்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரிப்பை மீட்டரில் செருகவே இரண்டு மூன்று முறை ஆயிற்று. 61.

காலையில் வந்த 187-ம் சரி, இரவில் வந்த 61-ம் சரி. நான் அவற்றைப் படித்த விதம்தான் தப்பு. அந்த எண் எந்த நேரத்து எண், அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டேன், உடம்பு என்ன வேலை செய்தது என்பதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. புதிதாகக் குளுக்கோமீட்டர் வாங்கியிருப்பவர்கள் முதல் சில வாரங்களில் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஒன்பது வருடமாக டைப் 2 சர்க்கரையோடு வாழ்கிறவன். இதைப் படித்துவிட்டு மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எண்களை ஒழுங்காக எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்த நோட்டு இருந்தால் அவர் உங்களுக்கு ஒதுக்குகிற ஐந்து நிமிடத்துக்கும் பயன் உண்டு.

முதலில் விரல்

இன்றைய மீட்டர்கள் கேட்கிற ரத்தம் கடுகளவுதான், ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. அவ்வளவு சின்னத் துளியில், விரலில் ஒட்டிய மாம்பழச் சாறு கொஞ்சம் கலந்தாலும் எண் எங்கேயோ போய்விடும். அதனால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டுக் குத்துங்கள். ஆட்டத்துக்குப் பிறகு வியர்வை ஈரத்தோடு குத்தினால் துளி நீர்த்துப்போகும். சானிடைசர் போட்டிருந்தால் அதுவும் முழுதாகக் காய வேண்டும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று விரலை அழுத்திப் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு நாலு முறை உதறினால் தானாக வரும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடிவிடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலும் அதை வைக்கக் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் மீட்டர் துல்லியமான தராசு இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தர விதி, 100-க்கு மேற்பட்ட எண்களில் நூற்றுக்கு 95 அளவீடுகள் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. அதாவது ஆய்வகத்தில் 160 என்றால் உங்கள் மீட்டர் 140 காட்டினாலும் 180 காட்டினாலும் அது விதிப்படி சரியான மீட்டர்தான். என்னுடைய 187-ம் 191-ம் ஒரே எண். நேற்று 142, இன்று 149, ஏறிவிட்டதே என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் போனில் “எனக்கு 7.8” என்றால் திகைக்க வேண்டாம், அங்கே அலகு வேறு (அவர்களுடையது mmol/L, நம்முடையது mg/dL). 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும்: 140.

உங்கள் அடிமட்டம் எது என்று பாருங்கள்

சாப்பாட்டையோ பயிற்சியையோ சோதிப்பதற்கு முன், நான்கைந்து நாள் வேறு எதையும் மாற்றாமல் காலையில் எழுந்ததும் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று எடுத்து எழுதுங்கள். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருக்கும். நோய் உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார். கர்ப்பிணிகளுக்கு இலக்கு இன்னும் கறாரானது: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. அவர்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிடக் கூடாது.

இந்த நாட்களில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். இரவு 128-ல் படுத்தவர் காலையில் 146-ல் எழுவார். “தூக்கத்திலா சாப்பிட்டேன்?” விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் உடம்பை எழுப்பத் தயார் செய்யும்போது, கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. அதைச் சமாளிக்கிற இன்சுலின் நமக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை, சுரப்பதும் சரியாக வேலை செய்வதில்லை. கல்லீரல் என்கிற இந்தக் கிடங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டில் கோர்ட்டிலும் அதுதான் வேலை செய்தது.

சாப்பாடு: முதல் கவளத்திலிருந்து கணக்கு

“சாப்பிட்டு இரண்டு மணி நேரம்” என்பதைப் பெரும்பாலானோர் கை கழுவியதிலிருந்து எண்ணுகிறார்கள். முதல் கவளம் வாய்க்குள் போன நேரத்திலிருந்து எண்ண வேண்டும். வீட்டில் பத்து நிமிடத்தில் சாப்பிடும்போது இது பெரிய வித்தியாசம் இல்லை. கல்யாணப் பந்தியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பாயசம் குடித்து முடித்ததிலிருந்து எண்ணினால் நீங்கள் எடுப்பது மூன்று மணி நேரத்து எண்ணாக இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்களை ஏமாற்றிவிடும்.

சாதாரணமான நம் சாப்பாட்டில் பத்து, பதினைந்து நிமிடத்தில் ஏற்றம் தொடங்குகிறது. ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு இறங்குகிறது. இரண்டாம் மணி நேரத்தில் நாம் பார்ப்பது பொதுவாக இறங்குமுகத்தில் இருக்கும் எண். அதனால் உச்சி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஒரு மணி நேரத்தில் பாருங்கள். உடம்பு அதைச் சமாளித்து இறக்கிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மணி நேரத்தில். மருத்துவர் எந்த நேரத்து எண்ணைக் கேட்கிறார் என்று விசாரித்து அதையே தொடர்ந்து எடுங்கள்.

இனி ஜோடி ஜோடியாகப் பாருங்கள். சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. பின்னெண் மட்டும் இருந்தால் பாதிக் கதைதான் தெரியும். 168 என்று வந்திருக்கிறது, சரி. 90-ல் தொடங்கி 168 ஆனதா, 150-ல் தொடங்கி 168 ஆனதா? முதலாவதில் அந்தச் சாப்பாடு உங்களுக்கு அதிகம். இரண்டாவதில் சாப்பாட்டின் மீது குற்றமில்லை, சாப்பிடும் முன்பே எண் உயரத்தில் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

ஸ்ட்ரிப் சும்மா கிடைப்பதில்லை என்பதால் தினம் மூன்று வேளையும் குத்த வேண்டாம். திங்கள் டிபன், செவ்வாய் மதியச் சாப்பாடு, புதன் இரவு என்று மாற்றி மாற்றி எடுத்தாலே இரண்டு வாரத்தில் உங்கள் தட்டின் குணம் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இட்லியையும் குறைத்து, சட்னியையும் மாற்றி, நடைப்பயிற்சியையும் சேர்த்துவிட்டால் எண் இறங்கியது எதனால் என்று தெரியாது.

என் நோட்டிலிருந்து ஒரு பக்கம். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி: 112-லிருந்து 196. வேறொரு நாள், அதே இட்லி இரண்டு, இரண்டு அவித்த முட்டை, காய் நிறையப் போட்ட சாம்பார்: 109-லிருந்து 147. இது என் உடம்பின் கணக்கு. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம், வரட்டும். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், இட்லி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, அதுவும் அரைத்து, புளித்து, வெந்து, செரிப்பதற்குத் தயாராக இருக்கிற மாவுச்சத்து. முட்டையும் பருப்பும் காயும் வயிற்றிலிருந்து அது இறங்குகிற வேகத்தைத் தடுக்கின்றன.

இதை வைத்தே இன்னொரு பழக்கத்தையும் மாற்றிப் பார்க்கலாம். நம் இலையில் பொரியல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று ஓரத்தில் இருக்கும். அதை முதலில் சாப்பிடுங்கள். கிண்ணம் நிறையப் பொரியல், ஒரு கை சுண்டல் அல்லது மீன் துண்டு, அப்புறம் சோறு. காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறைவதைச் சிறிய ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எனக்கும் குறைகிறது. அம்மாவுக்குத்தான் “இது என்ன சாப்பிடுகிற முறை” என்று கொஞ்சம் வருத்தம்.

கேழ்வரகு, கம்பு பற்றி ஒரு வார்த்தை. “ராகிதானே” என்று மூன்று தோசை சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல், அது நல்லது. ஆனால் நூறு கிராம் மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்துதான், அரிசிக்குப் பெரிதாகக் குறைவில்லை. கூடவே, எதை எவ்வளவு நைசாக அரைத்து எவ்வளவு நீர்க்கக் காய்ச்சுகிறோமோ அவ்வளவு வேகமாக அது ரத்தத்தில் ஏறும். கெட்டியான களிக்கும் நீர்த்த கஞ்சிக்கும் என் மீட்டர் வேறு வேறு எண்தான் காட்டியது. நம்ப வேண்டாம், குத்திப் பாருங்கள்.

இரண்டு மணி நேர விதி பொய்த்துப்போகும் இடம் பிரியாணியும் பரோட்டா சால்னாவும். கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரத்தில் 152 பார்த்து “அட, பரவாயில்லையே” என்று நிம்மதியாகத் தூங்கப் போவோம், நான்காம் மணி நேரத்தில் அது 210-ல் இருக்கும், காலையிலும் இறங்காமல் நிற்கும். எண்ணெயும் கறியும் கனமாக இருந்த நாளில் நான்கு மணி நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள். ஜூஸ், சர்க்கரை போட்ட காபி இதற்கு நேர் எதிர். அரை மணி, முக்கால் மணியிலேயே உச்சிக்குப் போய், இரண்டு மணி நேரத்தில் தடயமே இல்லாமல் இருக்கும்.

சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் உச்சி தணியும். செலவில்லாத வழிகளில் இதற்கு நிகராக எதையும் நான் பார்க்கவில்லை. மொட்டைமாடியோ தெருமுனையோ போதும்.

பயிற்சி: இரண்டு வகை, இரண்டு எண்

எல்லாப் பயிற்சியையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேலை ஒரு வகை: நடை, மெதுவாகச் சைக்கிள் மிதிப்பது, தோட்ட வேலை. இதில் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதற்கேற்ப நிதானமாக இறக்குகிறது. அதனால் எண் மெல்ல இறங்கும். சாப்பிட்ட பிறகு நடந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குகிற வேலை இன்னொரு வகை. ஷட்டில் சிங்கிள்ஸ், கபடி, கால்பந்து, முழு வேகத்தில் நூறு மீட்டர், ஜிம்மில் உச்ச எடை தூக்குவது, மலைக்கோயில் படியை ஒரே மூச்சில் ஏறுவது. இதை உடம்பு ஓர் அவசரமாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது. அது கிடங்கைத் திறக்கச் சொல்லிக் கல்லீரலுக்கு உத்தரவு போடுகிறது. கல்லீரல் வழக்கத்தைவிட ஏழெட்டு மடங்கு வரை சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது, தசைகள் எடுத்துக்கொள்வது மூன்று நான்கு மடங்குதான் கூடுகிறது. மிச்சம் ரத்தத்தில் நிற்கிறது. அதுதான் என் 187.

சர்க்கரை நோய் இல்லாத ஆட்டக்காரருக்கும் இது நடக்கிறது. அவருக்கு ஆட்டம் நின்றதும் கணையம் இன்சுலினைச் சுரந்து மிச்சத்தைத் தசைக்குள் தள்ளிவிடுகிறது. நமக்கு அந்த வேலை தாமதமாகும், அல்லது பாதிதான் நடக்கும். டைப் 1 உள்ளவர்களுக்கு ஊசியில் போடுவது மட்டும்தான் என்பதால் இன்னும் கூடுதல் நேரம் நிற்கும். போட்டி நாளில், ஆடத் தொடங்கும் முன்பே படபடப்பினால் எண் ஏறியிருப்பதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், காரணம் அதே அட்ரினலின்.

இந்த ஏற்றம் பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக இறங்குகிறது. இது பயிற்சி கெடுதல் என்பதற்கோ, நீங்கள் தவறு செய்தீர்கள் என்பதற்கோ அடையாளம் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து யாரும் விளையாட்டை விட்டுவிடக் கூடாது. அப்படி விட்ட ஒரு நண்பரை எனக்குத் தெரியும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் கிடங்கு காலியாகியிருக்கிறது. தசையும் தன் சேமிப்பைச் செலவழித்திருக்கிறது. அடுத்த பல மணி நேரம் அவை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். இன்சுலினும் அந்த நேரத்தில் கூடுதலாக வேலை செய்யும். இந்த இழுப்பு ஒரு நாள் முழுக்க, சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளைபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து இங்கேதான். ஆட்டம் முடிந்து ஆறு மணி நேரத்திலிருந்து பதினைந்து மணி நேரத்துக்குள், அதாவது மாலையில் ஆடினால் நள்ளிரவில், எண் கீழே போகலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. உங்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். பல மாத்திரைகள் இரண்டு மருந்து சேர்ந்த கலவை. மெட்ஃபார்மின்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் அட்டையில் கிளிமெபிரைடும் இருக்கும்.

ஆட்ட நாளில் எப்போதெல்லாம் குத்துவது

தீவிரப் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதய நோய், கண்ணில் விழித்திரைப் பாதிப்பு, காலில் மரத்துப்போகும் உணர்வு இருப்பவர்களுக்கு இது கட்டாயம். விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பவர் மூச்சை அடக்கிக் கனமான எடை தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியக்கூடும்.

ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு பாருங்கள். 90-க்குக் கீழே இருந்து, நீங்கள் இன்சுலினோ மேலே சொன்ன மாத்திரைகளோ எடுப்பவர் என்றால், 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், ஒரு வாழைப்பழம் போதும். 90-க்கும் 250-க்கும் இடையில் என்றால் ஆடலாம். 250-க்கு மேல் என்றால் நில்லுங்கள். டைப் 1 உள்ளவர்கள் கட்டாயம் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். அதற்கான சிறுநீர்ப் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். கீட்டோன் இருந்தால் அன்று பயிற்சி கிடையாது, மருத்துவருக்குப் போன். இன்சுலின் போடுபவர்கள் ஓடப்போகிற நாளில் தொடையில் போட வேண்டாம். வேலை செய்கிற தசைக்குப் பக்கத்தில் போட்ட மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும்.

ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் நடுவில் ஒரு முறை. முடிந்ததும் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம், முதல் எண்ணைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அப்புறம் படுக்கும் முன் கட்டாயம். புதிதாக ஒரு தீவிர ஆட்டத்தைத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று முறை, அலாரம் வைத்து இரவு 2, 3 மணிக்கும் ஒன்று எடுங்கள். தூக்கம் கெடும்தான். உங்கள் இரவு எப்படிப் போகிறது என்று தெரிந்துவிட்டால் பிறகு தேவைப்படாது.

ஆட்டம் முடிந்ததும் வருகிற உயர்ந்த எண்ணைச் “சரிசெய்ய” கூடுதல் இன்சுலினோ கூடுதல் மாத்திரையோ எடுக்காதீர்கள். அந்த ஏற்றம் தானாக இறங்கப்போகிறது. உங்கள் மருந்தும் சேர்ந்து இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதை அந்த இரவு 2 மணிக்கு நான் பார்த்தேன். நான் கூடுதல் மருந்துகூட எடுக்கவில்லை, உணவைக் குறைத்து நடையைக் கூட்டினேன், அவ்வளவுதான்.

சாப்பாடும் ஆட்டமும் சேர்ந்து வரும் நேரத்தை முதல் மாதத்தில் தவிர்த்தால் படிக்க எளிது. டிபன் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் ஆடப்போய், முடித்துவிட்டு 205 பார்த்தால் அதில் இட்லியின் பங்கு எவ்வளவு, அட்ரினலினின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே டிபனை ஆடாத ஒரு நாளிலும், அதே ஆட்டத்தை வெறும் வயிற்றில் ஒரு நாளிலும் தனித்தனியாக எடுத்துவைத்துக்கொண்டால் கலந்த நாளை ஓரளவு புரிந்துகொள்ளலாம். மருந்தினால் தாழ்சர்க்கரை வரக்கூடியவர்கள் வெறும் வயிற்றில் ஆடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒழுங்காக எடுத்த இன்னொரு சனிக்கிழமையை அப்படியே தருகிறேன்.

காலை 5.45, ஆட்டத்துக்கு முன்: 116
7.00, முடிந்ததும்: 179
8.00: 134. உடனே டிபன், மாத்திரை
10.00: 149
மதியம் 1.00, சாப்பாட்டுக்கு முன்: 94
இரவு 10.00: 104

179-ஐ மட்டும் பார்த்தால் பயம். 134-ஐயும் சேர்த்துப் பார்த்தால் நிம்மதி. ஆடாத நாட்களில் மதியம் 1 மணிக்கு எனக்கு 120-க்குக் குறைந்ததே இல்லை. அந்த 94-ல்தான் ஆட்டத்தின் உண்மையான பலன் இருக்கிறது.

தாழ்ந்துவிட்டால்

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் ஆபத்தான நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல். ஆடிக்கொண்டிருக்கும்போது இவற்றில் பாதி ஆட்டத்தின் களைப்பு மாதிரியே இருக்கும் என்பதால், சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் குத்திப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும்தான் அடையாளம் காட்டும்.

15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும்: தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை. பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டவில்லையென்றால் மறுபடி அதே அளவு. தாண்டிய பிறகு இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: அகார்போஸ், வோக்ளிபோஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரண வெள்ளைச் சர்க்கரை உடனே உதவாது. அந்த மருந்து சர்க்கரை குடலில் உடைபடுவதையே தடுத்துவிடும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடி மட்டும்தான். நம் ஊரில் வோக்ளிபோஸ் கலந்த மாத்திரைகள் நிறையப் புழங்குகின்றன, அதனால் ஆட்டப் பையில் குளுக்கோஸ் பொட்டலமே இருக்கட்டும்.

நினைவு தப்பிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108-க்கு அழைக்க வேண்டும். உங்களோடு ஆடுகிறவர்களில் ஒருவருக்காவது இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கையில் சென்சார் ஒட்டியிருப்பவர்களுக்கும், ஆய்வகம் போகிறவர்களுக்கும்

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியிலுள்ள திரவத்தை அளக்கிறது. எண் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கி வரும். ஆட்டத்தின் நடுவில் உடம்பு ஒன்று சொல்கிறது, சென்சார் வேறொன்று சொல்கிறது என்றால் விரலில் குத்திப் பாருங்கள். அந்தக் கையின் மேலேயே படுத்துத் தூங்கினால் அழுத்தத்தினால் இல்லாத தாழ்வைக் காட்டும்.

ஆய்வகத்தில் வெறும் வயிற்றுப் பரிசோதனை இருக்கிற காலையில் ஆடப்போக வேண்டாம், முந்தின மாலையும் கடுமையான பயிற்சியைத் தவிருங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தம் கொடுக்கும் நாளில் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதையே வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். எண் அழகாக வர வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் ஒரு இட்லியோடு நிறுத்தினால், மருத்துவர் அந்த ஒரு இட்லிக்குத்தான் மருந்து எழுதுவார். அந்த நேரத்தில் வீட்டு மீட்டரிலும் ஒப்பிட்டுப் பார்த்தால் விரல் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியைத் திசுக்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் அது, ஆய்வகத்தில் எடுக்கிற சிரை ரத்தமாகத் திரும்புகிறது. மீட்டரைச் சோதிக்க வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் ஒப்பிடுங்கள்.

நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, இன்று ஆடினேனா. நான் ஆட்ட நாளுக்குச் சிவப்புப் பேனா வைத்திருக்கிறேன். இரவு 10 மணிக்கு 104 வந்தால், நீல மை நாளில் மீட்டரை மூடிவிட்டுப் படுத்துவிடுவேன். சிவப்பு மை நாளில் அதே 104-க்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு சின்ன வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, 2 மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டுதான் படுப்பேன்.